பாங்கோ உட்கார்ந்த நாற்காலி: ஆவியை மேடையில் காட்டுவதா, வேண்டாமா?

கேள்வி, ஜூன் 3

பள்ளி ஆண்டு விழாவுக்கு ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தின் விருந்துக் காட்சியை மட்டும் 20 நிமிடத்தில் போடுகிறோம். அரசரைக் கொன்று முடிசூடிய மேக்பெத், நண்பன் பாங்கோவையும் ஆள் வைத்துக் கொல்கிறான். அன்றிரவு விருந்தில் பாங்கோவின் ஆவி வருகிறது, மேக்பெத் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. நடிப்பவர்கள் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள். பாங்கோவின் ஆவியாக ஒரு பையனை உட்கார வைத்தால் கூட்டம் சிரித்துவிடும் என்று பயமாக இருக்கிறது. நாற்காலியைக் காலியாக விட்டால் பின்வரிசைக்கு ஒன்றும் புரியாது என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஆசிரியர். இது கொலைகாரனின் மனப்பிரமை, ஆவியே வேண்டாம் என்பது என் கட்சி. மேடையேற்றிப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

காலியாகவே விடுங்கள்.

பழைய அரசர் டங்கனைக் கொல்லப் போகும்போது மேக்பெத் காற்றில் ஒரு கத்தியைப் பார்க்கிறான். அதற்காக யாரும் மேடையில் கயிறு கட்டிக் கத்தியைத் தொங்கவிடுவதில்லை. விருந்தில் அவன் மனைவியே சொல்கிறாள்: இது உங்கள் பயம் தீட்டிய படம், அன்றைக்குப் பார்த்த கத்தி மாதிரிதான் இதுவும், கடைசியில் நீங்கள் முறைத்துக்கொண்டிருப்பது வெறும் முக்காலியை. அந்த மண்டபத்தில் இருக்கும் யார் கண்ணுக்கும் ஆவி தெரியவில்லை. அப்படியிருக்க நம் கண்ணுக்கு மட்டும் எதற்கு?

ஜூன் 4, காலை

நேற்று அவ்வளவு உறுதியாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. 1989இல் எங்கள் கல்லூரியில் இந்த நாடகத்தைத் தமிழாக்கி இரண்டு இரவு போட்டோம். எனக்கு லெனாக்ஸ் வேடம். ‘உட்காருங்கள், பிரபு’ என்று அரசனை அழைப்பவன். அரசன் ‘மேசை நிறைந்திருக்கிறதே’ என்பான். நான் ‘இதோ, தங்களுக்கென்று ஒரு இடம் வைத்திருக்கிறோம்’ என்று நாற்காலியைக் காட்ட வேண்டும்.

அந்த நாற்காலியில் நண்பன் உட்கார்ந்திருக்கிறான். தேங்காய் எண்ணெயில் குழைத்த குங்குமம் அவன் நெற்றியிலிருந்து வழிந்து, மூக்கு நுனியில் கொஞ்சம் நின்று, பிளைவுட் மேசையில் சொட்டுகிறது. ஒரு முழத் தூரம்தான். எண்ணெய் வாசனை எனக்கு அடிக்கிறது. அவனைப் பார்க்காமல் அவன் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை ஒத்திகை பார்த்தும் முதல் நாள் என் கண் அவன் முகத்தில் போய் நின்றுவிட்டது. கூட்டம் கவனித்துவிட்டது. சிரிப்பு.

இரண்டாம் நாள் குங்குமம் கண்ணுக்குள் போய்விட்டது. அவன் பின்னால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நேரத்துக்கு வரவில்லை. நாற்காலி காலி. நான் காலி நாற்காலியைக் காட்டி வசனம் சொன்னேன், மேக்பெத்தாக நடித்தவன் திரும்பினான், அப்படியே நின்றான். அரங்கம் மொத்தமும் மூச்சு விடவில்லை. அதிலிருந்து நான் காலி நாற்காலிக் கட்சி.

ஜூன் 4, மாலை

‘ஷேக்ஸ்பியர் காலத்தில் எப்படிப் போட்டார்கள்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டதும் நல்லதாகப் போயிற்று, எடுத்துப் பார்த்தேன். இந்த நாடகம் முதன்முதலில் அச்சானது 1623இல், அவர் இறந்து ஏழு ஆண்டு கழித்து. அந்த அச்சிலேயே மேடைக் குறிப்பு தெளிவாக இருக்கிறது: பாங்கோவின் ஆவி நுழைகிறது, மேக்பெத்தின் இடத்தில் உட்காருகிறது.

பார்த்த சாட்சியும் உண்டு. சைமன் ஃபோர்மன் என்ற லண்டன்காரர் 1611இல் குளோப் அரங்கில் இதைப் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அவர் வைத்தியர், ஜோதிடமும் பார்ப்பவர். பாங்கோவின் பேரைச் சொல்லிக் குடிக்க மேக்பெத் எழுந்து நிற்கிறான், ஆவி வந்து அவனுக்குப் பின்னால் அவன் நாற்காலியிலேயே உட்காருகிறது, திரும்பி உட்காரப் போனவன் பார்க்கிறான் என்று அவர் எழுதுகிறார். ஆக, ஆள் இருந்தார், மேடையில் நடந்து வந்து உட்கார்ந்தார்.

நேற்று எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் ‘ஷேக்ஸ்பியரே காலியாகத்தான் விட்டிருப்பார்’ என்று இத்தனை வருடம் நான் பேசி வந்தது தவறு.

ஜூன் 4, இரவு

இன்னொன்று. 1794இல் ட்ரூரி லேன் அரங்கில் கெம்பிள் என்ற பெரிய நடிகர் ஆவியை எடுத்துவிட்டு வெறும் நாற்காலியைப் பார்த்து நடித்திருக்கிறார். எடுப்பதா வைப்பதா என்று நாம் பேசுவது 200 வருடத்துக்கு மேலாக நடக்கும் வழக்கு. 2007இல் ரூபர்ட் கூல்ட் இயக்கிய மேடையேற்றத்தில் இந்தக் காட்சியை இரண்டு தடவை நடத்தினார்கள். இடைவேளைக்கு முன் ஆவியோடு ஒரு தடவை, இடைவேளை முடிந்ததும் அதே காட்சி ஆவி இல்லாமல். மேக்பெத்தின் கண்ணுக்கு ஒன்று, விருந்தாளிகளின் கண்ணுக்கு ஒன்று. 20 நிமிடத்தில் உங்களால் அது முடியாது. யோசித்துப் பார்க்க நல்ல விஷயம்.

ஜூன் 5

தூக்கம் வரவில்லை. அந்த மேடைக் குறிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று மறுபடி பார்த்தேன். இத்தனை நாள் என் மனதில் இருந்த வரிசை இது: மேக்பெத் பாங்கோவின் பெயரைச் சொல்கிறான், ஆவி வருகிறது, பயப்படுகிறான். அச்சில் அப்படி இல்லை.

ஆவி முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு அப்புறம்தான் அவன், நன்றாகச் சாப்பிடுங்கள், நன்றாகச் செரிக்கட்டும் என்று உபசரிக்கிறான். அதற்கும் அப்புறம், ‘நம் பாங்கோவும் இங்கே இருந்திருந்தால் நாட்டின் பெருமை முழுக்க ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கும்’ என்கிறான். ஆளை அனுப்பிக் கொல்லச் சொன்னதே அவன். இரண்டாம் தடவையும் இதே வரிசைதான். நிறைய ஊற்று என்று கோப்பையை நீட்டுகிறான், ஆவி நுழைகிறது, பிறகு ‘நம் அருமை நண்பன் பாங்கோ இல்லையே, இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்’ என்று அவன் பேரால் குடிக்கிறான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். அவன் முதுகுக்குப் பின்னால் செத்தவன் உட்கார்ந்திருக்கிறான். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெரியாமல் பொய்ப் பாசம் பேசுகிறான். அந்த இரண்டு மூன்று வாக்கியம் நீளும் வரை, ‘திரும்பாதே, திரும்பாதே’ என்று நம் வயிறு பிசைகிறது. நாற்காலி காலியாக இருந்தால் இது மொத்தமும் போய்விடும். அவன் கத்திய பிறகுதான் நமக்கு விஷயமே தெரியும். பைத்தியத்தை வேடிக்கை பார்க்கிற விருந்தாளிகளாகத்தான் நாமும் இருப்போம்.

என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன். பையனை உட்கார வையுங்கள்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று பகலில், கொலைக்கு முன், மேக்பெத் அவனிடம் ‘விருந்துக்குத் தவறாமல் வந்துவிடு’ என்கிறான். பாங்கோ ‘தவற மாட்டேன், பிரபு’ என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறுகிறான். சொன்னபடி வந்திருக்கிறான். தலையில் இருபது வெட்டு, இருந்தும் வாக்குத் தவறவில்லை. வெள்ளைத் துணி, ஊளைச் சத்தம், புகை எதுவும் வேண்டியதில்லை. தாமதமாக வந்த விருந்தாளி எப்படி நடந்து வருவாரோ அப்படி வரட்டும்.

ஜூன் 6

நாடகத் தொடக்கத்தில் மேக்பெத்துக்குக் குறி சொல்லும் சூனியக்காரிகளைப் பற்றிக் கேட்டவருக்கு. குறி சொன்னதால்தான் கொன்றானா, இல்லாவிட்டால் யோக்கியனாக இருந்திருப்பானா?

அவர்கள் சொன்னதை வார்த்தை வார்த்தையாகப் பாருங்கள். கிளாமிஸ் பிரபுவே வாழ்க, கௌடர் பிரபுவே வாழ்க, பின்னாளில் அரசனாகப் போகிறவனே வாழ்க. அவ்வளவுதான். கொல் என்று ஒரு சொல் இல்லை, டங்கன் பேர்கூட இல்லை. கேட்டதும் மேக்பெத் திடுக்கிடுகிறான். பக்கத்தில் நிற்கும் பாங்கோ கேட்கிறான்: நல்ல செய்திதானே, எதற்கு அதிர்ந்து போகிறாய்? ஊரில் கோடாங்கியிடம் குறி கேட்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். உடுக்கை அடிப்பவர் நாலு பேரிடமும் பொதுவாக ஒரு வார்த்தை விடுவார். ஒருவர் முகம் மட்டும் வெளுக்கும். வெளுத்த முகத்தை வைத்துத்தான் மீதிக் குறி.

பாங்கோவுக்கும் குறி கிடைத்தது: நீ அரசனாக மாட்டாய், உன் வம்சம் ஆளும். அவனும் மனம் சலனப்பட்டவன்தான், கத்தியை எடுக்கவில்லை. இப்போது விருந்து மேசைக்கு வாருங்கள். ஆவி எங்கே உட்காருகிறது? காலியாக இருந்த ஏதோ ஒரு இடத்தில் இல்லை, அரசன் இடத்தில். சற்று முன்னால் மேக்பெத், ‘இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது, நான் நடுவில் உட்காருகிறேன்’ என்று தனக்கென்று குறித்து வைத்த இடம் அது. அந்த இடம் பாங்கோ வம்சத்துக்குப் போகப்போகிறது என்பது குறி. அந்தக் குறிதான் ரத்தம் சொட்ட வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. மேக்பெத்தே அலறுகிறான்: முன்பெல்லாம் மூளை சிதறினால் மனிதன் செத்தான், அதோடு முடிந்தது, இப்போது தலையில் இருபது வெட்டோடு எழுந்து வந்து நம்மை ஆசனத்திலிருந்து தள்ளுகிறார்கள் என்று.

இதை எழுதும்வரை எனக்கே இது தோன்றியதில்லை. குறியும் ஆவியும் வேறு வேறு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 6, இரவு

மற்ற நாடகங்களிலும் தேடினேன். ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான, கூடாரத்தில் தனியாகப் படித்துக்கொண்டிருக்கும் புரூட்டஸிடம் சீசரின் ஆவி வருகிறது. என்ன சொல்லிப் பயமுறுத்துகிறது? ‘பிலிப்பியில் என்னைப் பார்ப்பாய்.’ பிலிப்பி, புரூட்டஸ் தோற்றுச் சாகப்போகும் போர்க்களம். அவனும் ‘சரி, பிலிப்பியில் பார்ப்போம்’ என்கிறான். இரண்டு பேர் சந்தைக்கு வருவதாகப் பேசி வைத்துக்கொள்வது போல இருக்கிறது. அதனாலேயே குளிர்கிறது.

அதே நாடகத்தில் சீசரின் மனைவி ஒரு கனவு காண்கிறாள். சீசர் சிலையிலிருந்து ரத்தம் பீறிடுகிறது, ரோமானியர்கள் சிரித்துக்கொண்டே அதில் கை நனைக்கிறார்கள். போகாதீர்கள் என்கிறாள். சதிகாரன் டேசியஸ் அதே கனவுக்கு வேறு பலன் சொல்கிறான்: உங்கள் ரத்தத்தால் ரோம் உயிர் பெறும் என்று அர்த்தம். சீசருக்கு இரண்டாவது பலன் பிடித்திருக்கிறது. கிளம்புகிறார். எந்தப் பலன் வேண்டுமோ அதை ஆள் தானே பொறுக்கிக்கொள்கிறார்.

‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தில் போருக்கு முந்தின இரவு பத்து ஆவிகள் வரிசையாக வரும்.

ஜூன் 7

பத்து இல்லை, பதினொன்று. விரல் விட்டு எண்ணினேன். ரிச்சர்ட் கொல்லச் சொன்ன இளவரசச் சிறுவர்கள் இருவரையும் ஒன்றாக எண்ணிவிட்டேன். அந்தப் பிள்ளைகளைப் போய் விட்டதற்கு வருத்தமாக இருக்கிறது.

ஜூன் 8

கிரேக்க நாடகங்களைத் தொடாமல் போக முடியாது. இரண்டு மட்டும்.

ஈஸ்கிலஸ் எழுதிய ‘பாரசீகர்கள்’, கி.மு. 472. சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் படை அழிந்து எட்டே ஆண்டுகள். பார்க்க வந்தவர்களில் அந்தப் போரில் துடுப்பு வலித்தவர்கள் இருந்திருப்பார்கள். பகை நாட்டுத் துக்கத்தை அவர்கள் முன்னால் மேடையேற்றுகிறார். அரசி கல்லறையில் பாலும் தேனும் ஊற்றுகிறாள், முதியவர்கள் மண்ணைத் தட்டி அழைக்கிறார்கள், செத்துப்போன அரசர் தாரியூஸ் எழுந்து வருகிறார். வந்தவருக்கு ஒன்றும் தெரியாது! என்ன நடந்தது, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்கிறார். மகன் படையை அழித்துவிட்டான் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்ட பிறகுதான், இன்னும் பிளாட்டியாவில் ஒரு அழிவு பாக்கி இருக்கிறது என்று வருவதைச் சொல்கிறார். நேற்று நடந்தது தெரியாத ஆவிக்கு நாளை நடப்பது தெரிகிறது. பெரியவர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து வாசலில் நின்று ‘என்னாச்சு வீட்டில?’ என்று கேட்பதுபோல எனக்குக் கேட்கிறது.

இரண்டாவது, அதே ஈஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகத்தில் வரும் கசாண்ட்ரா, கி.மு. 458. உண்மையான குறி சொல்வாள், யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவளுக்குக் கிடைத்த சாபம். டிராய் நகரிலிருந்து அரசன் அகமெம்னானோடு அடிமையாகத் தேரில் வந்தவள், அவளைக் கொல்லப்போகும் ராணி உள்ளே வா வா என்று எவ்வளவு கூப்பிட்டும் வாய் திறப்பதில்லை. ராணி போன பிறகு கதறுகிறாள். முன்பு அந்தக் குடும்பத்தில் கொன்று சமைக்கப்பட்ட சின்னப் பிள்ளைகள் வீட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், தங்கள் சதையையே கையில் ஏந்தியிருக்கிறார்கள், பாருங்கள் என்கிறாள். மேடையில் பிள்ளைகள் யாரும் இல்லை. வாசலில் கால் வைக்கப் போனவள், ரத்த வாடை அடிக்கிறது என்று பின்வாங்குகிறாள். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள்: அது அடுப்படியில் பலி கொடுத்த வாடை, அம்மா.

இங்கே ஆவியைக் காட்டவே கூடாது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அவள் கதை. பாங்கோவை உட்கார வையுங்கள் என்று அன்றைக்குச் சொன்னதை எல்லா நாடகத்துக்கும் விதியாக்கிவிட வேண்டாம். கொன்றவன் பார்க்கிற ஆவி வேறு, கொல்லப்படப் போகிறவள் பார்க்கிற ஆவி வேறு.

ஜூன் 9

‘ஹாம்லெட்’ பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. முதல் காட்சியில் ஹாம்லெட்டின் இறந்த தந்தையுடைய ஆவியைக் காவலாளிகள் உட்பட எல்லோரும் பார்க்கிறார்கள், ஆகவே அது பிரமை இல்லை. ஆனால் பிறகு தாயின் அறையில் மகன் மட்டும் பார்க்கிறான், தாய்க்குத் தெரியவில்லை. கட்டியவளுக்குக் கணவன் தெரியவில்லை! 1603இல் வந்த முதல் அச்சில் அந்த இடத்தில் ஆவி இரவு அங்கியோடு நுழைகிறது. முன்பு போர்க் கவசத்தோடு வந்தவர், மனைவியின் அறைக்கு வீட்டு உடையில் வருகிறார். அந்த ஒரு உடையில் ஒரு குடும்பமே தெரிகிறது.

சிரிப்பு பயம் பற்றியும் ஒன்று. ஷேக்ஸ்பியருக்கு முன்னால் ஓடிய பழைய ஹாம்லெட் நாடகத்தில், ஆவி ‘ஹாம்லெட், பழிவாங்கு!’ என்று சிப்பி விற்கிற பெண் போலக் கூவுகிறது என்று தாமஸ் லாட்ஜ் என்பவர் 1596இல் எழுதினார். ஆவி சத்தம் போட்டால் சிரிப்பு வருவது அன்றைக்கே இருந்திருக்கிறது. பாங்கோவின் ஆவி கடைசிவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. உங்கள் பையனுக்கு அது பெரிய பாதுகாப்பு.

ஜூன் 11

இரண்டு நாள் எழுதவில்லை. இதை எழுதுவதா என்று யோசித்தேன்.

எங்கள் ஆச்சி கடைசி வாரத்தில் படுக்கையில் இருந்தபடி வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் தெளிவான குரலில், ‘தங்கச்சி வந்து நிக்கா, எவ்வளவு நேரமா நிக்கா, உக்காரச் சொல்லுங்க’ என்றாள். சின்ன ஆச்சி இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். எல்லோரும் நிலையைப் பார்த்தோம். மாமா, ‘யாரும் இல்லம்மா’ என்று ஆரம்பித்தார். அம்மா அவரை விடவில்லை. மூலையில் கிடந்த முக்காலியை எடுத்து, முந்தானையால் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். ஆச்சி முக்காலியைப் பார்த்தாள், அப்புறம் கண்ணை மூடித் தூங்கினாள். அந்த முக்காலியில் அன்று முழுக்க யாரும் உட்காரவில்லை. காப்பி டம்ளரைக்கூட யாரும் அதில் வைக்கவில்லை.

‘நீங்கள் பார்ப்பது வெறும் முக்காலி’ என்று மேக்பெத்தின் மனைவி சொல்லும் இடம் வரும்போதெல்லாம் எனக்கு அம்மாதான் ஞாபகம் வருவாள். அந்த மனைவி அப்படிச் சொன்னதற்காக அவளைக் கோபிக்க முடியவில்லை. ஊர் கூடியிருக்கிறது, உண்மை வெளியே வந்தால் இருவர் தலையும் போகும். ஆனால் கணவன் பார்த்ததை இல்லை என்று சொல்லிவிட்டு அவள் கடைசியில் எங்கே போய் நிற்கிறாள் என்று பாருங்கள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடக்கிறாள். தன் கையிலேயே கறை தெரிகிறது, கழுவக் கழுவப் போகவில்லை. வைத்தியரும் தாதியும் ஒதுங்கி நின்று பார்க்கிறார்கள். அவளுக்கு ஒருவரும் முக்காலி எடுத்துப் போடவில்லை.

ஜூன் 12

இரண்டு துண்டுச் செய்தி.

பாங்கோ என்று ஒருவர் உண்மையில் வாழ்ந்ததாக வரலாற்று ஆசிரியர்கள் ஏற்பதில்லை. எக்டர் போயஸ் 1527இல் வெளியிட்ட ஸ்காட்லாந்து வரலாற்றில் முளைத்த பாத்திரம். 1603இல் இங்கிலாந்து அரசரான ஜேம்ஸ் தன்னைப் பாங்கோ வம்சம் என்றே சொல்லிக்கொண்டார். உண்மையான மேக்பெத் 1040 முதல் 1057 வரை 17 ஆண்டு ஆண்டவர், டங்கன் இறந்தது போர்க்களத்தில்.

தமிழில் யாராவது போட்டார்களா என்று கேட்டவருக்கு: பம்மல் சம்பந்த முதலியார் மேக்பெத்தை ‘மகபதி’ என்றும் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்றும் தமிழாக்கினார். 1891இல் தொடங்கிய அவருடைய நாடகக் குழுவான சுகுண விலாச சபையை மறந்துவிட்டு நாம் இதையெல்லாம் புதிதாகப் பேசக் கூடாது.

ஜூன் 14

1989இன் இரண்டாம் இரவைப் பற்றி இன்னொரு தடவை. மேக்பெத்தாக நடித்தவனிடம் நேற்று தொலைபேசியில் பேசினேன். அந்த மௌனம் ஞாபகம் இருக்கிறதா என்றேன். ‘எப்படி மறக்கும்? திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம். அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். வசனம் முழுக்க மறந்துவிட்டது’ என்றான்.

அரங்கம் மூச்சடக்கிப் பார்த்தது நாற்காலியை இல்லை. நண்பனைக் காணோமே என்று நிஜமாகப் பயந்த ஒரு முகத்தை. முப்பது வருடத்துக்கு மேல் அதை நாற்காலியின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். உங்கள் மேக்பெத் பையனோடு ஒத்திகையில் அதிக நேரம் செலவிடுங்கள். லெனாக்ஸ் பையனோடும். அவன் ஆவியின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் ஒரு ஆணியைப் பார்த்துப் பேசட்டும். எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

கேள்வி கேட்டவர், ஜூன் 21

முதல் ஒத்திகை நேற்று நடந்தது. பையன் அமைதியாக நடந்து வந்து உட்கார்ந்தான், யாரும் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் ‘பின்னாடி, பின்னாடி’ என்று மேக்பெத்துக்குக் குரல் கொடுத்தார்கள். ஆவியாக வருபவன் ஒரு சந்தேகம் கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை: ‘சார், முன்னால் தட்டும் கோப்பையும் இருக்கிறதே, நான் அதைத் தொடலாமா?’

ஜூன் 21, இரவு

தொடட்டும். அது அரசனுக்கு வைத்த கோப்பை. ஒரு விரலால் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளட்டும், குடிக்க வேண்டாம்.